‘மதர்போட் போட்டுது’ என்னும் தீர்ப்பு

யாழ்ப்பாணத்தில் இன்று மிக மலிவாகக் கிடைக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. அதனைப் பெற நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. சட்டத்தரணி தேவையில்லை. தவணையும் கிடையாது. பழைய கணினி ஒன்றுக்கு நினைவகம் கூட்டிப் போட்டோ, புதிய எஸ்.எஸ்.டி. பூட்டியோ, அதன் பின்னர் அது எழும்ப மறுத்தால், தூக்கிச் சென்று ஒரு கடை மேசையில் வைத்தாற் போதும். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: “மதர்போட் போட்டுது. இனி மாத்தத்தான் வேணும்.”

இத்தீர்ப்பை எதிர்த்தே இதனை எழுதுகிறேன். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஒரு செய்தி ஆசிரியபீட மேசைக்கு வந்தால் நாங்கள் கேட்கும் முதற் கேள்விகள் இரண்டு: யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் மோதிய செய்திக்குக்கூடக் கேட்கப்படும் இக்கேள்விகளை, ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருமானத்தை விழுங்கக்கூடிய இந்த வாக்கியத்திடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

உரும்பிராயில் என் வீட்டுக்கு அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எந்த வீட்டில் இழவு நடந்தாலும், முப்பத்தோராம் நாள் வெளிவரும் கல்வெட்டில் ஒரு பிரதியை வாங்கி வந்து, அதிலுள்ள வம்சாவளியைத் தன் கணினியில் பதிந்து வைப்பது அவர் வழக்கம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எத்தனை வீடுகளில் உறுதிகளும் சாதகங்களும் கல்வெட்டுகளும் அழிந்துபோயின என்பதை அந்த இரவைக் கண்டவர்கள் அறிவார்கள். அழிந்தவற்றை வயோதிபர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, எஞ்சியவற்றோடு ஒப்பிட்டு, பாமினி எழுத்துருவில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்த வேலை அது. ஊர்ப் பெருமைக்காக அவர் அதனைச் செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கள் பூட்டன் யாரென்று கேட்டால் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்தார்.

அவருடைய கணினி ஆமையாகிவிட்டது. பாரிஸில் இருக்கும் மகன் நினைவகத் துண்டு ஒன்றை வந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டுப் பெடியன் பூட்டிவிட்டான். விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. ஓட்டோவில் ஏற்றி நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாட் பின்னேரம் புதிய தாய்ப்பலகை, புதிய செயலி, புதிய நினைவகம் ஆகியவற்றோடு பெட்டி திரும்பி வந்தது. “விண்டோசும் புதுசாப் போட்டு விட்டிருக்கிறம் சேர்” என்றார்களாம். அந்தப் ‘புதுசு’ பழைய வன்தட்டின் மேலேயே போடப்பட்டிருந்தது. கழற்றிய பலகையைக் கேட்டதற்கு, “அது கழிவு சேர், கொண்டுபோய் என்ன செய்யப்போறியள்?” என்பது பதில்.

பின்னர் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மீட்பு மென்பொருள் கொண்டு அந்த வன்தட்டைத் துருவினார். சில கோப்புகள் மீண்டன. அவற்றின் பெயர்கள் மீளவில்லை. புதிய விண்டோஸ் எழுதப்பட்ட இடங்களில் இருந்தவை மீளவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டால் கீழே இருந்தது போனது போனதுதான்.

அந்தத் தாய்ப்பலகை உண்மையில் பழுதாகியிருந்ததா? இதற்கு விடையே கிடையாது. என் குற்றச்சாட்டின் மையமும் அதுவே. உடலைக் காட்டாமல் மரணச் சான்றிதழை மட்டும் தருவதை எந்த மரண விசாரணை அதிகாரியும் ஏற்கமாட்டார். கணினிக் கடையில் மட்டும் ஏற்றுக்கொள்கிறோம். காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

விடை தெரிந்த வழக்கு ஒன்றும் இருக்கிறது. அதே கடை, அதே ஆண்டு, அதே வாக்கியம். இம்முறை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாணவி ஒருத்தியின் கணினி. 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்கியிருந்தார்கள். மாற்றுவதற்குக் காசில்லாததால் பெட்டியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஏழ்மைதான் அந்த இயந்திரத்தைக் காப்பாற்றியது. நானே அதனை உரும்பிராய்ச் சந்திக்கு அண்மையில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். ஆளி போட்டதும் உற்பத்தியாளரின் சின்னம் திரையில் வந்தது. விண்டோஸ் தொடங்கப் பார்த்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு நீலத்திரை மின்னி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அவர் முதலிற் கேட்டது, “மணிக்கூடு என்ன காட்டுது?” என்றுதான். அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தால், திகதி பல ஆண்டுகள் பின்னுக்கு நின்றது.

காரணம் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. தாய்ப்பலகையில் மூன்று வொல்ற் நாணயப் பற்றரி ஒன்று இருக்கும். சி.ஆர்.2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். மணிக்கூட்டையும் அமைப்புகளையும் காப்பது அதன் வேலை. பத்தாண்டு கடந்த கணினியில் அது எப்போதோ செத்திருக்கும்; ஆனால் எவருக்கும் தெரியாது, ஏனெனில் சுவர்ச் செருகியில் மின் இருக்கும்வரை அந்த மின்னே அமைப்புகளையும் காத்துக்கொண்டிருக்கும். நினைவகம் பூட்டுவதற்காக வயரைக் கழற்றிய கணத்தில் எல்லாம் அழிந்து, பலகை தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் நிறுவப்பட்டபோது வன்தட்டு ஏ.எச்.சி.ஐ. முறையில் இருந்தது, இப்போது பழைய ஐ.டி.ஈ. முறைக்குப் போய்விட்டது. தன் வன்தட்டைத் தானே அடையாளம் காணாமல் விண்டோஸ் விழுந்தது. முதியவர் பற்றரியை மாற்றி, அமைப்புத் திரையில் ஒரு வரியைத் திருத்தினார். இருபது நிமிடம். புதிய நினைவகமும் பழைய பலகையும் இன்றுவரை ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன.

இறந்துபோன தாய்ப்பலகை தன் சின்னத்தைத் திரையில் காட்டுமா? கடையில் இருந்தவர் இதனை ஒரு விநாடி யோசித்திருந்தால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்திராது.

ஆளியை அழுத்தியதும் நடப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் சரியாக நிற்கின்றன என்று பலகைக்குச் சைகை கொடுக்கிறது. செயலி விழித்து, பலகையிலுள்ள பயோஸ் என்னும் நிரலை வாசிக்கத் தொடங்குகிறது. அந்த நிரல் நினைவகத்தைச் சோதிக்கிறது, திரையை எழுப்புகிறது, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று தேடுகிறது, கண்டுபிடித்ததும் பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்து விலகுகிறது. இவ்வளவுதான். இந்த ஓட்டம் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால், பழுது எங்கே இல்லை என்பதாவது உடனே தெரியும். விசிறியே சுழலவில்லையா? மின்வழங்கியையும் ஆளியின் மெல்லிய வயர்களையும் பலகையின் பெரிய 24 முனை இணைப்பையும் பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை கறுப்பா? நினைவகம், செயலிக்கான மின் இணைப்பு, திரைக்கான வயர் ஆகிய மூன்றுந்தான் முதற் சந்தேக நபர்கள். சின்னம் வந்து, தொடங்குவதற்குத் தட்டு இல்லை என்கிறதா? தட்டின் வயரும் தொடங்கும் வரிசையும், பழைய முறையா யு.ஈ.எப்.ஐ. முறையா என்ற கேள்வியும். இந்த அளவு பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘மதர்போட்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது, வந்த நோயாளி அனைவருக்கும் ‘நெருப்புக் காய்ச்சல்’ என்று சீட்டு எழுதுவதற்கு ஒப்பானது.

புதிய பாகம் பூட்டியபின் எழும்பாத கணினிகளிற் பெரும்பாலானவற்றில் எதுவுமே பழுதாகியிருப்பதில்லை என்பது நான் பல வீடுகளிற் கண்ட உண்மை. நினைவகத் துண்டு இரு பக்கமும் ‘டிக்’ என்ற ஓசையோடு இறங்கியிருக்காது. பழைய துண்டின் பொன்னிற முனைகளில் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியும் ஈரமும் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பூட்டினால் எழும்பிவிடும். வரைகலை அட்டை புதிதாகப் போட்டவர் திரை வயரைப் பழைய துவாரத்திலேயே செருகியிருப்பார். கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வேறொரு துவாரத்தின் வழியே. பென்ரியம் 4 காலத்திலிருந்து செயலிக்கென்று தனியாக வரும் நான்கு அல்லது எட்டு முனை மின் இணைப்பு, கையை உள்ளே விட்டபோது கழன்றிருக்கும். டி.டி.ஆர்.5 நினைவகம் பூட்டிய புதிய கணினிகள் முதல் தடவை எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். நினைவகத்தோடு பலகை பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையில்லாதவர் இடையிலேயே ஆளியை நிறுத்தி, இயந்திரம் செத்தது என்று ஒப்பாரி வைத்துவிடுவார்.

உண்மையான பொருந்தாமையும் உண்டு, மறுக்கவில்லை. 2013ஆம் ஆண்டு வெளிவந்த இன்ரெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வொல்றில் இயங்கும் டி.டி.ஆர்.3எல் நினைவகத்தையே ஏற்கும். 1.5 வொல்ற் சாதாரண டி.டி.ஆர்.3 துண்டும் அதே துவாரத்தில் அளவெடுத்ததுபோல் இறங்கும், ஆனால் கணினி எழும்பாது. ஏ.எம்.டி. பலகைகளில் மட்டுமே வேலைசெய்யும் மலிவு நினைவகத் துண்டுகளும் சந்தையில் உலாவுகின்றன. அவற்றை இன்ரெல் பலகையில் போட்டால் கறுப்புத் திரைதான். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த துண்டு என்பதற்காக அது எங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்று நினைப்பது வெள்ளாந்தித்தனம். ஆனால் இதிலும் குற்றவாளி தாய்ப்பலகை அல்லவே. துண்டைக் கழற்றினால் பழையபடி ஓடும். “புதிதாகப் போட்டதைக் கழற்றிப் பார்த்தீர்களா?” என்பது உலகத்தில் எந்தத் திருத்துநரும் கேட்க வேண்டிய முதற் கேள்வி. ஆசிரியரின் வீட்டில் பெடியன் அதனைச் செய்தானா என்று கடையில் எவரும் கேட்கவில்லை.

தாய்ப்பலகை சாவதே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. 1999 முதல் 2007 வரையான காலத்திற் செய்யப்பட்ட பலகைகளில் தரங்கெட்ட மின்தேக்கிகள் வயிறு ஊதி வெடித்தமை உலகறிந்த கதை. பெரிய நிறுவனங்களே இலட்சக்கணக்கில் மாற்றிக் கொடுத்தன. அப்போதும்கூட, ஊதிய இரண்டு மின்தேக்கிகளை ஈயப்பற்றுக் கோலால் எடுத்துப் புதியன ஒட்டி ஓடவைத்தவர்கள் எங்கள் வானொலித் திருத்துநர்களே. முழுப் பலகையையும் தூக்கி வீசச் சொன்னவர்கள் கணினிக் கடைக்காரர்கள்.

இவ்விடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. இது யாழ்ப்பாணம் ஐயா! 1990இல் மின்சாரம் போனபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவைச் சுற்றி, வானொலிச் செய்தி கேட்ட மண் இது. ரோர்ச்சுக்குப் போடும் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம். மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளை ஓட்டினோம். தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். பத்திரிகைத் தாள் இல்லாமற் கோடு போட்ட கொப்பித் தாளிற் பத்திரிகை அச்சடித்தோம். ஒஸ்ரின் கேம்பிரிச்சும் மொரிஸ் மைனரும் செய்த நாட்டிலேயே காட்சிச்சாலைக்குப் போனபின்னும் எங்கள் வீதிகளில் வாடகைக்கு ஓடின. அந்தக் கார்களுக்கு உதிரிப்பாகம் வரவில்லை. எங்கள் ஆட்கள் கடைந்து எடுத்தார்கள். அப்படிப்பட்ட கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று நினைவகத் துண்டு ஒன்றைக் கழற்றிப் பார்க்காமலே பலகையைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

2002இல் ஏ9 வீதி திறந்தபோதுதான் கணினிகள் இங்கே பெருவாரியாக வந்தன. 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. நான் அப்போது வேலைசெய்த காரியாலயத்தில் மின்வழங்கி ஒன்று எரிந்தால் அடுத்த கப்பலைப் பார்த்திருக்க வேண்டும். பக்கமோ அன்றிரவே முடிய வேண்டும். படுத்த இரண்டு இயந்திரங்களிலிருந்து ஓடும் ஒன்றை உண்டாக்கிய தொழில்நுட்பப் பெடியன் ஒருவன் இருந்தான். ஒவ்வொரு பாகத்தையும் மாறி மாறிப் போட்டு, எது நல்லது எது கெட்டது என்று சிறு தாளில் எழுதி ஒட்டி வைப்பான். அவன் பட்டதாரி அல்லன். கடையும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே ‘மாத்தத்தான் வேணும்’ என்ற வாக்கியம் அவனுக்குப் பயன்படாது. பழுதைக் கண்டுபிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த அறிவு போயிற்று. காரணம் எளியது: கண்டுபிடிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. விசேட வைத்தியரிடம் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு ஆயிரக்கணக்கிற் கொடுக்கிறோம். ஒரு குளிசையும் தராவிட்டாலும் கொடுக்கிறோம். கணினித் திருத்துநர் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு, “வயர் கழன்றிருந்தது, செருகிவிட்டேன்” என்று சொன்னால், “அதுக்கேன் காசு?” என்கிறோம். பிறகு அவர் என்ன செய்வார்? பலகை விற்றால் இலாபம் உண்டு. உண்மை சொன்னால் ஏச்சு உண்டு. உண்மைக்கு விலை வைக்காத வாடிக்கையாளரும் இந்தப் பொய்யின் பங்காளியே. கடைக்காரர் என்மீது கோபிப்பதற்கு முன் இந்த வரியையும் வாசிக்கட்டும்.

பாடசாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிலேயே கற்பிக்கிறோம், மகிழ்ச்சி. தாய்ப்பலகை என்றால் என்ன என்று கேட்டால் மூன்று வரியில் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றி அந்தப் பலகையைத் தொட்டிராத பிள்ளைகளும் அவர்களே. ரியூட்டரியில் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். பரீட்சையில் அது வராது.

கடைக்காரரோடு நிறுத்திக்கொண்டால் அநியாயம். அவரைவிடப் பெரிய கைகள் இதில் இருக்கின்றன. 1981 ஓகஸ்ட்டில் ஐ.பி.எம். தன் முதலாவது தனியாட் கணினியை வெளியிட்டது. (எங்கள் நூலகம் எரிந்து இரண்டரை மாதங்களின் பின்.) அந்தக் கணினிக்கான தொழில்நுட்பக் கைநூலில் முழு மின்சுற்று வரைபடமும், பயோஸ் நிரலின் மூல வரிகளுங்கூட அச்சிடப்பட்டிருந்தன. வாங்கியவன் திருத்தலாம், கூட்டலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று வாசிக்கலாம். அந்த வெளிப்படைத்தன்மையினாலேயே உலகம் முழுவதும் அட்டைகளும் பாகங்களும் செய்தார்கள். தனியாட் கணினி என்ற தொழிலே வளர்ந்தது.

அதே ஐ.பி.எம். 2000களில் தன் திங்க்பேட் மடிக்கணினிகளுக்குள் ஒரு பட்டியலை ஒளித்து வைத்தது. 2005இல் அந்தப் பிரிவை வாங்கிய லெனோவோவும் அந்தப் பட்டியலைப் பேணியது. கம்பியில்லா இணைப்பு அட்டையை மாற்றினால், புதிய அட்டை பட்டியலில் இல்லாவிடின், கணினி 1802 என்ற இலக்கத்தோடு ‘அனுமதிக்கப்படாத அட்டை’ என்று அறிவித்து அப்படியே நின்றுவிடும். எச்.பி.யின் மடிக்கணினிகளில் அதே தடைக்கு 104 என்று இலக்கம். வானலை ஒழுங்குவிதிகளுக்கு அமைய, அன்ரெனாவும் அட்டையும் சேர்ந்தே அங்கீகாரம் பெற்றவை என்பது அவர்கள் தரப்பு நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சில்லு, அதே அட்டை, லெனோவோவின் பாக இலக்கத்தோடு விற்கப்பட்டால் வேலைசெய்தது. வெளிச்சந்தையில் வாங்கினால் வேலைசெய்யவில்லை. வானலைக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியுமா? நல்ல அட்டை, நல்ல பலகை, நல்ல மின்; கணினி எழும்பாமைக்கு ஒரே காரணம் எழும்பக்கூடாது என்று ஒருவர் எழுதி வைத்த வரி.

இன்றைய வடிவம் இதனிலும் கடுமையானது. ஏ.எம்.டி.யின் சேவையகச் செயலிகளில், முதன்முறை எழும்பும்போதே அந்தச் செயலியை ஒரே நிறுவனத்தின் பலகைகளோடு நிரந்தரமாகக் கட்டிவிடும் வசதி உண்டு. செயலிக்குள் உருகிகள் எரிக்கப்படுகின்றன; எரித்ததை மீட்க முடியாது. 2020இல் டெல் சேவையகங்களில் இது வெளிச்சத்துக்கு வந்தது; பின்னர் லெனோவோவின் வேலைநிலையக் கணினிகளிலும் காணப்பட்டது. திருட்டு நிரல் புகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் அந்தச் செயலியை இரண்டாங்கையாக வாங்கி வேறொரு பலகையில் பூட்டும் மனிதனுக்கு மிஞ்சுவது கறுப்புத் திரை மட்டுமே. இரண்டாங்கைச் சந்தையை நம்பி வாழும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு இது யாரும் அறிவிக்காத ஒரு பொருளாதாரத் தடை.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி என்று சொல்லவும் மாட்டேன். 2018 பெப்ரவரியில் ஏ.எம்.டி. புதிய ரைசன் செயலிகள் இரண்டை வெளியிட்டபோது, பழைய பயோஸ் உள்ள பலகைகளில் அவை எழும்பவில்லை. பயோஸை மேம்படுத்தினால் எழும்பும். மேம்படுத்த வேண்டுமானால் கணினி எழும்ப வேண்டும். கலியாணம் முடிந்தாற்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தாற்தான் கலியாணம் முடியும் என்ற கதை. அப்போது ஏ.எம்.டி. பழைய செயலி ஒன்றை இரவலாக அனுப்பி வைத்தது. மேம்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னது. அந்த இரவல் உரும்பிராய்வரை வந்திருக்குமா என்பது வேறு கதை. ஆனாலும், எழும்பவில்லை என்றால் ஏன் என்று விளக்க வேண்டிய கடமை தனக்கு உண்டு என்று ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டது.

பழைய கணினிகளில் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது நினைவிருக்கிறதா? பழுது என்னவென்று அது ஓசையாற் சொல்லும். அவார்ட் பயோஸில் ஒரு நீண்ட ஓசையும் இரண்டு குறுகிய ஓசைகளும் வந்தால் வரைகலை அட்டைக் கோளாறு. பிச்சைக்காசு பெறுமதியான அந்த ஒலிபெருக்கியை இப்போதைய பெட்டிகளில் வைப்பதில்லை. பக்கவாட்டில் கண்ணாடியும், ஏழு நிற வெளிச்சமும் வைக்கிறார்கள்.

மைக்ரோசொப்டின் கதை எல்லோரும் அறிந்தது. 2021 ஒக்ரோபர் 5இல் வெளியான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தாத செயலியையும் கேட்டது. 2025 ஒக்ரோபர் 14இல் விண்டோஸ் 10இற்கான இலவச ஆதரவு பொதுவாக நிறுத்தப்பட்டது. ஆகவே 2022இல் ரூபாய் சரிந்து, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில், புதியது வாங்க வழியின்றி நினைவகம் கூட்டிப் பழைய கணினியைத் தக்கவைத்த குடும்பங்கள் இப்போது மீண்டும் அதே கடை மேசைக்குத் தள்ளப்படுகின்றன.

ஆனால் விண்டோஸ் 11இல் அதனிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு; கடைக்காரர்கள் இதனை அவசியம் வாசிக்க வேண்டும். புதிய பதிப்புகளில், மைக்ரோசொப்ட் கணக்கோடு நிறுவினால், வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுவதுண்டு. திறப்பு அந்தச் சில்லோடு கட்டப்பட்டிருக்கும். சில்லு பலகையிலோ செயலிக்குள்ளோ இருக்கும். ‘மாத்தத்தான் வேணும்’ என்று பலகையை மாற்றிய கணத்தில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கணினி கேட்கும். மைக்ரோசொப்ட் கணக்கின் கடவுச்சொல்லையும் மறந்தவருக்குத் திறவுகோல் எங்கே கிடைக்கும்? தட்டு நல்லது, தரவு நல்லது; ஆனால் வாசிக்க முடியாது. முன்பு தவறான தீர்ப்புக்குக் காசுதான் போனது. இனி ஒரு வீட்டின் முழு நினைவும் போகும்.

இதற்கு எதிரான சட்டங்கள் வேறு நாடுகளில் வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி விற்பவர் அதனை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்று பத்துக்கு இத்தனை எனப் புள்ளி போட்டுக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம், பாகங்களை மென்பொருளாற் பூட்டுவதை 2024இல் சட்டம் இயற்றித் தடுத்தது. இங்கே அப்படி ஒன்றை நான் உடனே எதிர்பார்க்கவில்லை. இருக்கும் சட்டத்தையே எவரும் பயன்படுத்துவதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். எங்கள் ஊரில் எத்தனை பேர் கேட்கிறோம்?

ஆகவே உரும்பிராயிலிருந்தோ கோப்பாயிலிருந்தோ பெட்டியை ஓட்டோவில் ஏற்றும் எவருக்கும் சொல்வேன்: ஏற்றுவதற்கு முன் புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆளி போட்டுப் பாருங்கள். வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டபின் கையை உள்ளே விடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், மின் நிறுத்தியபின்னும் அது அடிக்கும். ஒருவரும் எழும்பவில்லையென்றால் கடைக்குக் கொடுங்கள். ஆனால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். எழும்புகிறதா என்று பார்க்க உங்கள் தரவு தேவையில்லை. எது பழுது, அதனை எப்படிக் கண்டார் என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கழிவானாலும் அது உங்கள் கழிவு. பார்த்ததற்கான கூலியைப் பேரம் பேசாமற் கொடுங்கள், ஒன்றும் மாற்றாவிட்டாலும் கொடுங்கள்.

இவ்வளவும் கேட்டபின் கடைக்காரர் முகஞ்சுளித்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஒழுங்கையில் வானொலி திருத்துபவரிடம் போங்கள். அவர்களிற் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்குமேல் கடை திறந்திருக்கும்.